முன்னுக்கு வராத சீட்

ஜனவரி 19, 1974. சனி.

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். பேக்கரி வரிசையில் பாணுக்கு நின்றது வீண். எனக்கு முன் நின்ற மனுசியோடு கூடை காலி. வந்து புட்டு அவித்தேன்.

இவர் விடிந்ததிலிருந்து கட்டிலில் கிடந்தபடி கட்டளை. தலையணை உயரமாம். யன்னலைத் திறந்தால் கண் கூசுகிறதாம், மூடினால் புழுக்கமாம். துறைமுக இழுவைப்படகில் இருபது வருடம் சுக்கான் பிடித்த மனிதர், மார்கழி தொடக்கம் ஒரு கட்டிலில். வடம் அறுந்து அடித்த கால். தொடையிலிருந்து பாதம் வரை பிளாஸ்டர். அவரும் பாவம், நானும் பாவம்.

ஆஸ்பத்திரித் துண்டு அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. பெப்ரவரி 5, செவ்வாய், காலை. எக்ஸ்றே பார்த்து, எலும்பு பொருந்தியிருந்தால் பிளாஸ்டர் வெட்டுவார்கள்.

சீனக்குடாவிலிருந்து பட்டினத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? பஸ் படி ஏற முடியாது. ரயில் அதைவிட உயரம். வாடகைக் கார்கள் எல்லாம் சிறிசு. மடங்காத கால் கதவுக்கு வெளியே நிற்கும். மிஞ்சுவது எங்கள் கார். பின் சீட் ஒரு கட்டில் அகலம், காலை நீட்டிப் படுக்கலாம்.

ஓட்டுவது யார் என்பதுதான் கதை.

ஜனவரி 20, ஞாயிறு.

வெயில். தோய்த்தது எல்லாம் காய்ந்தது.

பின்னேரம் கொட்டகைக்குப் போய்க் காரைப் பார்த்தேன். இவர் விழுந்த பிறகு ஒருவரும் கிட்டப் போகவில்லை. கோழி ஒன்று முன்னால் பொனற்று மூடியில் குடியிருக்கிறது. கலைத்தேன்.

தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது விற்ற அமெரிக்கக் கார். பழசு, ஆனால் பெரிய வீட்டுப் பழசு. முன் சீட் ஒரே நீளப் பலகைபோல, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை. ஓட்டுபவரின் கை படும் இடத்தில் வெள்ளி நிறப் பொத்தான். முன்னுக்கு அழுத்தினால் முழுச் சீட்டும் மோட்டரில் முன்னுக்கு வரும், பின்னுக்கு அழுத்தினால் பின்னுக்குப் போகும். வாங்கிய புதிதில் ஊரே வந்து பார்த்தது.

இந்தக் காரில்தான் இவர் எனக்கு ஓட்டப் பழக்கினார். சோதனை பாஸ் பண்ணி லைசென்ஸும் எடுத்தேன். தனியே ஓட்டியது ஒரே ஒரு தடவை, நிலாவெளிக்கு, அக்காவைப் பார்க்க. அந்தக் கிழமையே சீட் பழுது. இவரின் ஆறடி உயரத்துக்குச் சரியாகப் பின்னே போய் நின்றது, நின்றதுதான். மோட்டர் எரிந்துவிட்டது என்றார். மூன்று வருடம். லைசென்ஸ் அலுமாரியில்.

இன்று முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஏறிப் பார்த்தேன். கிளச் பாதிதான் மிதிபடுகிறது. பிரேக்கை உதைத்தால் தலையணை அமுங்கி நான் பின்னுக்குப் போகிறேன். சரிவராது.

ஜனவரி 22, செவ்வாய்.

துறைமுகக் கந்தோரில் என் தட்டச்சு வேலை மலைபோல். நாடா தேய்ந்து "அ" எல்லாம் மங்கல்.

பின்னேரம் காசிம் நானா வந்தார், இவரைப் பார்க்க. அதே படகில் எஞ்சின் பார்ப்பவர், கிண்ணியா ஆள், கார் ஓட்டத் தெரியும். வரும்போது ஒரு பொதி கருவாடு. நான் கேட்கும் முன்பே இவர் கேட்டார்.

"அஞ்சாம் திகதி நீ வந்து காரை எடுப்பியா?"

"அந்தக் கிழமை ரெண்டு கப்பல் வருது, ராசண்ணன். நீங்களும் இல்ல. என்னையும் விட்டா படகு நிண்டிடும்."

"அப்ப ஜெட்டியில நிக்கிற பீற்றரைக் கேள்."

"பீற்றருக்கு சைக்கிளே நேரா ஓட வராது."

காசிம் நானா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. நான் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னேன், "நான் ஓட்டுறன். சீட்டை மட்டும் முன்னுக்குக் கொண்டுவரவேணும்."

"அது வராது," என்றார் இவர். "மோட்டர் எரிஞ்சு போச்சு. அமெரிக்காவில இருந்து எடுப்பிக்கவேணும். இப்ப வெளிநாட்டுச் சாமான் ஒண்டையும் இறக்க விடாங்கள்."

"எரிஞ்ச மணம் வந்ததோ?"

"என்ன?"

"மோட்டர் எரிஞ்சா மணம் வரும். நான் கேக்கிறன்."

இவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிளாஸ்டர் காலோடு திரும்புவது லேசல்ல. ஆனாலும் திரும்பினார்.

ஜனவரி 23, புதன்.

மழை. ஓட்டுக்குக் கீழே வாளி.

ஒன்று யோசித்தேன். துறைமுகத்து மின்சாரப் பகுதியின் பழுது அறிக்கைகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வருகின்றன. பாரந்தூக்கி, பம்பு, விளக்குக் கம்பம், எதுவாக இருந்தாலும் ஃபோர்மன் ஒரே ஒழுங்கில்தான் எழுதுவார். மின்சாரம் வருகிறதா? சுவிட்ச்சைத் தாண்டிப் போகிறதா? மோட்டருக்குள் போகிறதா? மோட்டர் சுற்றினால் அது சுற்றவேண்டியதைச் சுற்றுகிறதா? எத்தனை தரம் தட்டச்சு செய்திருப்பேன். ஒரு தரமும் நின்று யோசித்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மனைக் கேட்டேன். ஒரு சின்ன பல்ப், இரண்டு வயர். ஒரு நுனியைக் காரின் இரும்பில் பிடி, மற்ற நுனியால் தேடிப் போ, பல்ப் எரிகிற இடம் வரை மின்சாரம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். பல்பும் தந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு என்று நினைத்திருப்பார்.

ஜனவரி 24, வியாழன்.

கந்தோரிலிருந்து வந்து சேலையை மாற்றாமல் கொட்டகைக்கு.

பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. முன் விளக்கைப் போட்டால் நல்ல வெளிச்சம். ஆக, பட்டரி உயிரோடு இருக்கிறது. பொத்தானைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றினேன். ஒரு திருகாணி உருண்டு எங்கோ போய்விட்டது. உள்ளே வயர்கள். தடித்த வயரில் பல்பின் நுனியை வைத்தேன். எரிந்தது!

தனியே நின்று சிரித்தேன். கோழி பார்த்தது.

பொத்தானை அழுத்திக்கொண்டு மறுபக்க வயரில் வைத்தேன். மினுங்கி மினுங்கி எரிந்தது. சுவிட்ச்சுக்குள் கறள் பிடித்திருக்கலாம். ஆனாலும் கொஞ்சம் போகிறது. அதற்கு அப்பால் சீட்டுக்குக் கீழே. இருட்டிவிட்டது. ரோச் லைற்றின் பட்டரியும் முடிந்தது.

உள்ளே வந்தபோது இவர் கேட்டார், "என்ன, மோட்டரைக் கண்டியா?"

"இன்னும் இல்ல."

"வீண் வேலை, மங்கை. காசிமை இன்னொருக்காக் கேப்பம்."

குரல் ஒரு மாதிரி. கால் நோகுது என்று நினைத்தேன்.

ஜனவரி 26, சனி.

தெளிந்த வானம். காலையிலேயே போனேன்.

பின் சீட்டின் கால் வைக்கிற இடத்தில் குப்புறப் படுத்து, புதுப் பட்டரி போட்ட ரோச்சை முன் சீட்டுக்கு அடியில் அடித்துப் பார்த்தேன். புழுதி, ஒரு சீப்பு, புளியங்கொட்டை. நடுவில் மோட்டர், ஒரு தேங்காய் அளவு. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைகிற உறைக்குள் கேபிள், கரைக்கு ஒன்று. மோட்டரை மோந்து பார்த்தேன். எரிந்த மணம் இல்லை. கறுப்பும் இல்லை.

மோட்டருக்குள் போகும் வயர்களைத் தேடினேன். மோட்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி அவை நின்றுவிட்டன. எலி கடித்ததல்ல. கழற்றி, நுனிகளுக்குக் கறுப்பு நாடா சுற்றி, சேர்த்து மடித்து, மேலே தார் பூசிய நூலால் கட்டி, விரிப்புக்குக் கீழே தள்ளியிருந்தது.

அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வடத்தின் நுனி பிரியாமலிருக்கக் கட்டுகிற கட்டு. நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே இழுத்து, முடிச்சே தெரியாமல். எங்கள் உடுப்புக் காயவிடும் கயிற்றின் இரண்டு நுனியிலும் அதே கட்டு இருக்கிறது. இந்த வீட்டில் அந்தக் கட்டுப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

எழும்பி வந்து சோறு சமைத்தேன். கருவாட்டுக் குழம்பு. நல்லாயிருக்கு என்றார். ஓம் என்றேன்.

ஜனவரி 27, ஞாயிறு.

நேற்று நித்திரை வரவில்லை. இன்று தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன்.

"அந்த வயரைக் கழட்டினது நீங்கள்தானே?"

"எந்த வயர்?"

"சீட்டுக்குக் கீழ. தார் நூலால கட்டியிருக்கிறியள்."

கூரை முகட்டைப் பார்த்தார். பிறகு, "ஓம்."

"ஏன்?"

"நீ நிலாவெளிக்குப் போனாய்."

"போய் ஒரு கீறல் இல்லாமல் வந்தனான்தானே?"

"அதுக்கில்ல." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அடுத்த நாள் ஜெட்டியில பீற்றர் சொன்னான், ராசையா அண்ணைக்கு இனிப் படகு மட்டும்தான், வீட்டில வேற சுக்கானி வந்திட்டா எண்டு. எல்லாரும் சிரிச்சவங்கள். நானும் சிரிச்சனான். வந்து கழட்டினனான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். ரெண்டு கிழமையில திரும்பப் பூட்டுவம் எண்டு இருந்தனான். பிறகு... எப்பிடிச் சொல்லிப் பூட்டுறது? நாள் போயிட்டுது."

நான் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தேன். எனக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயந்தேன் என்று சொல்லியிருந்தால் கோபித்தாலும் மறந்திருப்பேன். ஒரு பகிடிக்காக. பீற்றரின் பகிடிக்காக. அக்காவின் மூத்த மகளின் பிரசவத்துக்கு நிலாவெளியிலிருந்து ஆள் விட்டபோது பஸ் இல்லை என்று அழுதேன். பஸ் இல்லைத்தான். கொட்டகையில் கார் நின்றது.

அதைச் சொன்னேன். கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 28, திங்கள்.

இவரோடு கதை இல்லை, பேச்சு இல்லை. சோறு, மருந்து, முகம் கழுவத் தண்ணீர். எல்லாம் கொடுத்தேன், கதை மட்டும் கொடுக்கவில்லை.

கந்தோரில் ஒரே அறிக்கையில் மூன்று பிழை. தலைமை எழுதுவினைஞர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

மண்ணெண்ணெய் வாங்கவேணும்.

ஜனவரி 29, செவ்வாய்.

கோபம் இருக்கட்டும், வேலை நடக்கவேணும். ஐந்தாம் திகதிக்கு ஒரு கிழமைதான்.

பின்னேரம் தார் நூலை வெட்டி, வயர் நுனிகளைச் சுரண்டி மினுக்கி, அதனதன் இடத்தில் பூட்டினேன். ஏறி இருந்து பொத்தானை அழுத்தினேன்.

"ம்ம்ம்" என்று ஒரு முனகல். சீட் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். முனகல் கூடியது.

வீட்டுக்குள்ளிருந்து இவர் கத்தினார். "விடு! விடு! கையை எடு, மங்கை! இப்பதான் எரியப்போகுது!"

எடுத்தேன். தொட்டுப் பார்த்தால் மோட்டர் சுட்டது.

உள்ளே போனேன். கட்டிலில் பாதி எழும்பி, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேர்த்திருந்தது.

"கரண்ட் போகுது, சுத்துதில்ல. மூண்டு வருசம் கிடந்தது. கரி இறுகியிருக்கும். சுவிட்ச்சும் சரியில்ல, முழுக் கரண்டை விடுதில்ல. ரெண்டையும் கழட்டிக் கொண்டா. நான் செய்து தாறன்."

"நீங்களோ?"

"கால்தானே கட்டிக் கிடக்கு. கை கிடக்குது சும்மா."

நன்றி சொல்லவில்லை. ஆனால் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜனவரி 31, வியாழன்.

கட்டில் இப்போது பட்டறை. பழைய பேப்பர் விரித்து மேலே மோட்டரின் குடலெல்லாம். படுக்கை விரிப்பில் கிறீஸ். ஒன்றும் சொல்லவில்லை நான். இதையும் எழுதிவைக்கிறேன், சொல்லாமல் விட்டதற்கு எனக்கும் பெருமை வேண்டும்.

மோட்டருக்குள் இரண்டு சின்னக் கரித்துண்டுகள். அவைதான் சுற்றுகிற பாகத்துக்கு மின்சாரம் கொடுப்பவை. கடல்காற்று, உப்பு, இரண்டும் தங்கள் கூட்டுக்குள் ஒட்டிப்போய். இவர் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, சவர அலகால் சுரண்டி, மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். சுவிட்ச்சின் செப்புத் தகடுகள் பச்சை. அரத்தாளால் தேய்த்துச் சிவப்பாக்கினார்.

திருகாணிகளைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். அந்தளவுக்குக் கதை தொடங்கிவிட்டது.

ஒரு இடத்தில் கையை நிறுத்தி, "பிரசவத்துக்கு ஆள் விட்ட அண்டைக்கு நான் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"ஓம்," என்றேன்.

"சொல்லேல்ல."

"ஓம்."

பிறகு சின்னத் திருகாணியைக் கேட்டார். கொடுத்தேன்.

பெப்ரவரி 2, சனி.

காலையில் காசிம் நானா. கப்பல் ஒருநாள் பிந்தியிருக்கிறதாம், பகல்வரை நிற்பேன் என்றார். இவர் பிடிவாதம், தானும் கொட்டகைக்கு வரவேணும் என்று. சாய்கதிரையில் இருத்தி நானும் நானாவுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். மார்கழிக்குப் பிறகு முதல் தரம் வெயிலைக் கண்டு கண்ணை இடுக்கினார்.

மோட்டரைப் பூட்டினோம். நான் ஏறி அழுத்தினேன்.

இந்தமுறை முனகல் இல்லை, நல்ல சத்தம், தையல் மெஷின் மாதிரி. சீட் அசைந்தது! ஆனால் கோணலாக. என் இடது பக்கம் முன்னுக்கு வருகிறது, வலது பக்கம் நின்ற இடத்தில் நிற்கிறது. கிறீச் என்றது.

"நிப்பாட்டு!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

ஃபோர்மனின் நாலாவது கேள்வி இதுதான். மோட்டர் சுற்றுகிறது, சுற்றவேண்டியது சுற்றவில்லை.

"வலப் பக்கத்துக் கேபிள்," என்றேன்.

காசிம் நானா குனிந்து உறையோடு கேபிளைக் கழற்றி இழுத்தார். வளைகிற உருக்குக் கம்பி. நுனி சதுரமாக இருந்து பல்லுச் சில்லுக்குள் கௌவவேணும். தேய்ந்து உருண்டையாகிவிட்டது. உள்ளே சும்மா வழுக்குகிறது.

"இதுக்கு எங்க போறது," என்றார் இவர். இந்தமுறை உண்மையாகத்தான் சொன்னார் என்று தெரிந்தது.

நானா கம்பியை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இது எங்கயோ கண்ட சாமான். லொறியில வேகம் காட்டுற முள்ளு இரிக்கி பாருங்க, அதுக்குக் கீழால இப்பிடி ஒரு கம்பிதான் போகும். துறையடியில ஒரு லொறி செத்துக் கிடக்கு. சொந்தக்காரன் என்ட மச்சான். கேட்டா தருவான்."

சைக்கிளில் போய் மத்தியானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். பருமன் கிட்டத்தட்ட ஒன்று. நீளம் அதிகம். இவர் மடியில் வைத்து அளந்து வெட்டினார். வெட்டிய நுனியை நானா கல்லில் வைத்துச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிச் சதுரமாக்கினார். முதல் தடவை பருத்துப்போய் உள்ளே போகவில்லை. அரத்தால் ராவி மறுபடி. நான் அடியில் படுத்துப் பூட்டினேன். தலைமயிர் முழுக்கக் கிறீஸ்.

அழுத்தினேன்.

வந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து, நேராக, அவசரமே இல்லாமல். என் கால் கிளச்சில் பட்டது. இன்னும் அழுத்தினேன். அடிவரை மிதிபட்டது. கண்ணாடிக்கு வெளியே பொனற்றின் நுனி தெரிந்தது. மூன்று வருடமாக இவர் மட்டும் பார்த்த நுனி.

திரும்பப் பின்னுக்கு விட்டேன். போனது. மறுபடி முன்னுக்கு.

"அல்ஹம்துலில்லா," என்றார் நானா.

இவர் சாய்கதிரையில் இருந்தபடி, "சும்மா விளையாடாத, கேபிள் தேயும்," என்றார்.

பெப்ரவரி 3, ஞாயிறு.

காலையில் தனியே எடுத்துப் போனேன். எண்ணெய்த் தாங்கிகள் பக்கத்துத் தெருவில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில். முதலில் இரண்டு தரம் எஞ்சின் நின்றது. ஒரு தரம் கியர் பற்களை அரைத்தேன், சத்தம் சீனக்குடா முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு பிடிபட்டது. கால் மறக்கவில்லை.

திரும்பி வந்தபோது இவர் யன்னலில்.

"மூண்டாவது கியருக்கு அவசரப்பட்டு வேளைக்கே போறாய்."

"இஞ்ச இருந்து எப்பிடித் தெரியும்?"

"சத்தம் கேக்குதுதானே."

தலைக்குச் சீயக்காய். கிறீஸ் இன்னும் போகவில்லை.

பெப்ரவரி 4, திங்கள்.

லேசான மழை. நாளைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

எடுத்துவைத்தது: ஆஸ்பத்திரித் துண்டு, போர்வை, தண்ணீர், மாற்றிக் கட்டப் பழைய சறம், விசிறி, தலையணை இரண்டு.

இவர் சாப்பிடும்போது, "நாளைக்கு ஜெட்டிச் சந்தியால போகாமல் உள் றோட்டால போவமே?" என்றார்.

"உள் றோட்டு முழுக்கப் பள்ளமும் கிடங்கும். காலுக்குக் கூடாது."

தலையாட்டினார்.

பெப்ரவரி 5, செவ்வாய்.

வெயில். காற்று.

பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து தூக்கிப் பின் சீட்டில் ஏற்றினார்கள். தலை ஒரு கதவில், பாதம் மற்றக் கதவில். மெதுவாகத்தான் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து ஒரு "ஆ". பாலையூற்றுத் தாண்டியதும் அதுவும் குறைந்தது.

ஜெட்டிச் சந்தி வந்தது. தேத்தண்ணிக் கடை வாசலில் வழமையான கூட்டம், பீற்றரும். பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தேன். இவரைக் காணவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டிருந்தார். வெயில் கொளுத்துகிறது, போர்வை. நான் சிரிக்காமல் ஓட்டினேன், அது கஷ்டமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பு. எக்ஸ்றே. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்லாகப் பொருந்தியிருக்கு என்றார். பிளாஸ்டர் வெட்டினார்கள். உள்ளே கால் யாரோ வேறு ஆளின் கால்போல, மெலிந்து, தோல் உரிந்து. இவர் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நான் கையைப் பிடித்தேன், பிடிக்க விட்டார். ஊன்றுகோல் இரண்டு. இன்னும் பல கிழமைக்குப் பாரம் வைக்கக் கூடாது. படகை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். வரும் மாதம் முழுக்கச் செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து காட்டவேணும்.

டொக்டரின் சான்றிதழைத் துறைமுகக் கந்தோரில் கொடுக்கவேணும். எனது கந்தோர்தான், ஜெட்டியடியில்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போகேக்க குடுக்கலாம்தானே?"

"இண்டைக்கே தரச் சொல்லி எழுதியிருக்கு."

தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் மரநிழலில் நிறுத்தினேன். வேறு நிழல் இல்லை. இவர் போர்வையைத் தேடினார். அது என் கையில்.

உள்ளே தலைமை எழுதுவினைஞர் நேரமெடுத்தார், முத்திரை காணவில்லை, மையில்லை. வெளியே வந்து பார்த்தால் காரைச் சுற்றிக் கூட்டம். நாலு கதவும் திறந்து கிடக்கிறது. என் இடத்தில் பீற்றர். பொத்தானை அழுத்தி அழுத்திச் சீட்டை முன்னும் பின்னுமாக விடுகிறான். ஒவ்வொரு தரமும் கூட்டம் "ஓ" என்கிறது. இவர் பின்னாலிருந்து முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு விளக்கம்.

"மோட்டர் நடுவில. ரெண்டு கரைக்கும் கேபிள். வலப் பக்கம் தேஞ்சு போச்சு. லொறிக் கேபிளை வெட்டிப் போட்டிருக்கு."

"ஆர் பாத்தது, அண்ணை? கராஜிலயா?"

"கராஜ் என்ன கராஜ். மங்கை பாத்தது. பல்ப் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு தேடிப் போனவ."

ஜெட்டி ஆட்களுக்கு முன் இவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைவாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"அப்ப, பழுது எப்பிடி வந்தது?" பீற்றர் கேட்டான்.

இவர் நிமிர்ந்தார். என்னைக் கண்டார். கண்ட பிறகுதான் சொன்னார்.

"பழுது ஒண்டும் வரேல்ல. நான்தான் வயரைக் கழட்டிவிட்டனான்."

"ஏன் அண்ணை?"

"நீங்கள் சிரிச்சியள்."

ஒருவருக்கும் விளங்கவில்லை முதலில். பிறகு பீற்றருக்கு விளங்கியது. முகம் ஒரு மாதிரிப் போய், பொத்தானிலிருந்து கையை எடுத்து, மெதுவாக இறங்கினான். "வாங்கோ அக்கா," என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஏறினேன். விளையாடி விளையாடிச் சீட்டை அடிவரை பின்னுக்கு விட்டிருந்தார்கள். என் கால் ஒன்றிலும் எட்டவில்லை. கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பொத்தானை முன்னுக்கு அழுத்திப் பிடித்தேன். அது தன்பாட்டுக்கு ஊர்ந்து வந்தது, எவ்வளவு மெதுவாக! ஒருவரும் கதைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. மோட்டரின் சத்தம் மட்டும். கிளச் வந்தது. பிரேக் வந்தது. கையை எடுத்தேன்.

எஞ்சினைப் போட்டு, கண்ணாடியைத் திருப்பி, பாதைக்கு எடுத்தேன்.

"இப்ப மாத்து, மூண்டுக்கு," என்றார் பின்னாலிருந்து.

மாற்றி முடித்திருந்தேன்.